பன்னிரண்டு சனிக்கிழமைகள்: திருப்பூரில் பவர்டேபிள் தொடங்குவோருக்கு ஓராண்டுத் திட்டம்

திருப்பூரில் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களைப் போட்டுத் தைப்புக்கூடம் ஒன்று தொடங்கலாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் இயந்திரங்கள் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது ஒன்று. வேலை தர எந்தக் கம்பெனி இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் இத்தகைய கூடங்களுக்குக் கணக்கு எழுதிய ஆண்டுகளில், இயந்திரம் கிடைக்காமலோ வேலை கிடைக்காமலோ மூடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மேசை நிறையத் துணிக்கட்டு இருக்கும்போதே, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணமில்லாமல் மூடியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் கூடத்தையே இங்கே பவர்டேபிள் என்கிறோம். துணியும் நமதல்ல, விற்பனையும் நமதல்ல என்பதால் இது ஆபத்துக் குறைந்த தொழில் என்று புதிதாக வருகிறவர் எண்ணுவது இயல்பு. ஆனால் கூலி வாரந்தோறும் போகிறது. பில் பணமோ இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. இந்த இடைவெளியைத் தாங்குவதற்கான ஏற்பாட்டையே இந்தக் கட்டுரை திட்டம் என்று சொல்கிறது. கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பகுதியின் கூலி, வாடகை, பீஸ் ரேட் (ஓர் உருப்படி தைப்பதற்கான கூலி) ஆகியவற்றை விசாரித்து, அதே கட்டங்களில் உங்கள் எண்களை இட்டுப் பார்க்க வேண்டும்.

முதற்படி: சனிக்கிழமைகளை எண்ணுங்கள்

ஒரு நீளமான நோட்டில் 52 வாரங்களுக்கும் கோடு போட்டு, ஒவ்வொரு வாரத்துக்கும் வெளியே போகும் பணம், உள்ளே வரும் பணம், கையிருப்பு என்று மூன்று கட்டம் இடுங்கள். கணினியில் செய்யத் தெரிந்தவர் அதில் செய்யலாம். மாதக் கணக்காகப் போடாமல் வாரக் கணக்காகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதக் கணக்கில் லாபமாகத் தெரிகிற கூடம், வாரக் கணக்கில் மூன்றாவது வாரமே கையிருப்பு தீர்ந்து நிற்கக்கூடும்.

12 இயந்திரங்கள்; டெய்லர்கள், அவர்களுக்கு உதவும் கைமடி ஆட்கள், செக்கிங் ஆள் எல்லாம் சேர்த்து 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குச் சராசரியாக வாரம் 4,000 ரூபாய் என்றால் வாரச் சம்பளம் 60,000. நான்கு வாரத்துக்கு 2,40,000. வாடகை 20,000, மின்கட்டணம் 12,000, இயந்திரக் கடனின் மாதத் தவணை 18,000, ஊசி, எண்ணெய், பழுது, வண்டி வாடகை என்று 10,000. ஆக மாதம் 3,00,000 ரூபாய் போகிறது. தைத்துக் கொடுத்ததற்கு மாதம் 3,40,000 ரூபாய்க்குப் பில் போடுகிறீர்கள். 40,000 மிச்சம். தொடங்கலாம் என்று தோன்றுகிற இடம் இதுதான்.

இப்போது அதே எண்களை வார நோட்டில் இடுங்கள். கம்பெனி மாதத்துக்கு ஒரு பில்தான் வாங்கிக்கொள்ளும், பில் தேதியிலிருந்து 60 நாளில் பணம் தரும் என்றால், முதல் மாதம் தைத்ததற்கான பணம் மூன்றாம் மாத முடிவில்தான் வருகிறது. அதற்குள் பன்னிரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிடும். 9,00,000 ரூபாய் வெளியே போயிருக்கும். முதல் பில் பணம் வந்த பிறகும் இந்தத் தேவை மறைவதில்லை. 3,40,000 வந்தவுடன் அடுத்த மாதச் செலவு 3,00,000 மறுபடி போக வேண்டும். ஆகவே ஏறத்தாழ அதே தொகை எப்போதும் வெளியில் சிக்கிக்கொண்டே இருக்கும், மாதம் 40,000 வீதம் மெதுவாகக் குறையும். இயந்திரம் வாங்க எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கணக்கிட்டு வந்தவருக்கு இந்த 9 லட்சம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்றையும் இந்த நோட்டு காட்டும். நான்காம் மாதத்தில் கம்பெனி மகிழ்ந்து வேலையை ஒன்றரை மடங்காக்கினால், கூடுதலாகப் போகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் மூன்று லட்சம் கூடுதலாகச் சிக்கும். வேலை பெருகிய மாதத்தில்தான் பணம் அதிகம் தேவைப்படுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தவர், கூடுதல் ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு நோட்டைப் புரட்டுவார்.

இரண்டாம் படி: விட்டுப்போன செலவுகளைச் சேர்த்துப் பாருங்கள்

மேலே மிச்சம் என்று கண்ட 40,000 உண்மையில் மிச்சம்தானா என்பதை இனி பார்க்க வேண்டும். நான் பார்த்த முதல் கணக்குகளில் பெரும்பாலும் நான்கு செலவுகள் விடுபட்டிருக்கும்.

முதலில் உங்கள் வீட்டுச் செலவு. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகிற நீங்கள், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட் உழைக்கிற நீங்கள், சம்பளம் எடுக்காமல் நடத்தினால் அந்தக் கூடம் லாபத்தில் நடக்கிறதா என்று சொல்ல முடியாது. மாதம் 25,000 என்று எழுதுங்கள்.

அடுத்தது தீபாவளி போனஸ். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது சட்டம். 15 பேர் உள்ள கூடத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், போனஸ் தராத கூடத்துக்குத் தீபாவளி கழித்து டெய்லர் திரும்பி வர மாட்டார் என்பது ஊர் அறிந்தது. தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாத நாட்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 48 வாரம் தையல் ஓடும் என்று கொள்ளலாம். 48 வாரச் சம்பளம் 28,80,000, அதில் 8.33 சதவீதம் ஏறத்தாழ 2,40,000. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இதை ஒரே மூச்சில் தேடினால் கிடைக்காது. மாதம் 20,000 வீதம் தனிக்கணக்கில் ஒதுக்கினால்தான் இருக்கும்.

மூன்றாவது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் இது பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். நம் கணக்கில் முதலாளி பங்கு மட்டும் மாதம் 7,800 ஆகிறது. 20 பேரை எட்டினால் வருங்கால வைப்பு நிதியும் சேரும். ஆகவே 19 ஆம் ஆளிலிருந்து 20 ஆம் ஆளுக்குப் போவது ஒரு டெய்லரைச் சேர்ப்பது மட்டும் அன்று என்பதை விரிவாக்கத் திட்டத்தில் குறித்து வையுங்கள்.

நான்காவதாக, வேலை குறையும் மாதங்களுக்கான இருப்பு. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம், அதாவது மாதம் 17,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

40,000 மிச்சத்திலிருந்து 25,000, 20,000, 7,800 ஆகியவற்றைக் கழித்தால் 12,800 பள்ளம். இருப்புக்கான 17,000 ரூபாயையும் சேர்த்தால் மாதம் 29,800 பற்றாக்குறை. வெளியில் சிக்கிக்கிடக்கும் அந்த 9 லட்சத்தை, அதாவது நடைமுறை மூலதனத்தை, கடனாக வாங்கினால் அதற்கான வட்டி இதற்கும் மேலே. இயந்திரம் வாங்கிய பிறகு தெரிய வேண்டிய இந்த உண்மையை, ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டுவிட்டீர்கள். கணக்கு இப்படி வந்தால் தொழிலே வேண்டாம் என்று எழுந்துவிட வேண்டியதில்லை. எந்த எண்ணை மாற்ற முடியும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த எண்ணை மாற்றுவது

இன்னும் அதிகம் தைத்துப் பற்றாக்குறையை நிரப்பிவிடலாம் என்பதே எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. ஆனால் ஆட்களுக்கும் பீஸ் ரேட்டில்தான் கூலி என்றால், கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 ரூபாய் பில்லிலும் ஏறத்தாழ 71 ரூபாய் கூலிக்கே போய்விடும். அந்தக் கூலிக்குரிய போனஸும் இ.எஸ்.ஐ.யும் 8 ரூபாய் எடுக்கும். கையில் நிற்பது 21 ரூபாய். இந்தக் கணக்கில் 29,800 பள்ளத்தை நிரப்ப மாதம் 1,40,000 ரூபாய்க்கு மேல், அதாவது 40 சதவீதத்துக்கும் அதிகமாகக் கூடுதல் வேலை வேண்டும். அதே 12 இயந்திரங்களில் அது நடக்கக்கூடியதா என்பதை உங்கள் லைன் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாறாக, கம்பெனி தரும் ரேட் 9 சதவீதம் கூடினால் பள்ளம் முழுவதும் நிரம்பிவிடும். எடுத்த எடுப்பில் புதியவருக்கு அந்த உயர்வை யாரும் தர மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் எல்லாரும் தைக்கிற சாதாரண வட்டக்கழுத்துப் பனியனை விட்டு, காலர் வைத்த டி-ஷர்ட், குழந்தைகள் உடை போன்று படிகள் அதிகமுள்ள, நல்ல டெய்லர் தேவைப்படுகிற வேலையைப் பிடித்தால் ரேட் பேச இடம் கிடைக்கும். அதில் 4 சதவீதம் கூடினாலே 13,600 வருகிறது. புதிய இயந்திரங்களுக்குப் பதிலாகப் பாதியைப் பழைய இயந்திரங்களாக, மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச்சென்று ஓட்டிப் பார்த்து வாங்கித் தவணையில் 10,000 குறைக்கலாம். சாலையோரக் கட்டடத்தை விட்டுச் சற்று உள்ளே போனால் வாடகையில் 6,000 குறையலாம். மூன்றும் சேர்ந்தால் 29,600. ஒரே இடத்தில் பெரிய வெட்டு வெட்டுவதைவிட இப்படி மூன்று இடங்களில் சிறிது சிறிதாகக் குறைப்பது நடைமுறைக்கு எளிது என்பது என் கருத்து.

ரேட்டைப் போலவே பணம் தரும் நாளையும் பேச வேண்டும்; ஏனோ புதியவர்கள் இதைப் பேசவே கூச்சப்படுகிறார்கள். மாதம் ஒரு பில், 60 நாள் தவணை என்றால் 9 லட்சம் சிக்குகிறது என்று கண்டோம். பதினைந்து நாளுக்கு ஒரு பில், 30 நாள் தவணை என்று ஒப்புக்கொள்ள வைத்தால், முதல் பணம் 45 ஆம் நாளில் வந்துவிடும். சிக்கும் தொகை 4,50,000 ரூபாயாகப் பாதியாகிவிடும். பீஸுக்குச் சில பைசா குறைத்துக்கொண்டாவது இந்த நாள் கணக்கைப் பெறுவது முதல் ஆண்டில் லாபம். பேசி முடித்ததைத் தாளில் எழுதி வாங்க வேண்டும்; பில் தேதி, தவணை நாள், தையல் நூல் யார் பொறுப்பு, டேமேஜ் பிடித்தம் எவ்வளவு, துணி தாமதமாக வந்தால் ஆட்கள் சும்மா இருந்த நாளுக்கு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். டேமேஜ் பிடித்தத்துக்கு எழுத்தில் வரம்பு இல்லாத இடத்தில் பில் தொகையை உறுதியான வரவாக நோட்டில் எழுதாதீர்கள்.

நான்காம் படி: முதல் பில்லுக்கு முன் பதிவுகள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையவழியில் நடக்கிறது. ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாகச் செய்துகொள்ளலாம், இதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. இதை வங்கிக் கடனுக்கான சான்றாக மட்டும் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயன் வசூலில் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வேலை தரும் கம்பெனி மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் அதனிடமே துணி வாங்கப் போக முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால்தான் 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த வருமான வரி விதி இன்னும் உதவியானது: குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் கம்பெனியின் ஆடிட்டரே பழைய பாக்கியைத் தீர்க்கச் சொல்வார். உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிட்டிருந்தால்தான் அவர் கண்ணில் நீங்கள் படுவீர்கள். பதிவுக்கு முந்தைய பில்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது வழக்கில்தான் போய் நிற்கும் என்பதால், முதல் துணிக்கட்டு உள்ளே வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் புதியவர்களிடம் ஒரு குழப்பம் உண்டு. பொருள் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பதைக் கேட்டுவிட்டுத் தமக்கும் அதுவே என்று நினைக்கிறார்கள். கூலிக்குத் தைப்பது சேவை. அதற்கான வரம்பு 20 லட்சம். மாதம் 3,40,000 பில் போடும் கூடம் ஆறாம் மாதத்திலேயே அந்த வரம்பைக் கடக்கும். ஆடைத் தையல் கூலிக்கு 5 சதவீத வரி; 3,40,000 ரூபாய்க்கு 17,000. இந்த வரி பில் போட்ட மாதத்துக்கே உரியது, அடுத்த மாதம் அரசுக்குப் போய்விட வேண்டும். கம்பெனி அதை 60 நாள் கழித்தே உங்களுக்குத் தருகிறது. வரி உங்கள் செலவு இல்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் உங்கள் கைப்பணத்தில் ஓடுகிறது. அதைப் போலவே தனிநபர் பெயரில் நடக்கும் கூடத்தின் பில்லில் கம்பெனி 1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். இரண்டையும் வார நோட்டில் ஏற்றுங்கள்.

இடத்துக்கு 11 மாத ஒப்பந்தம் போடுவதுதான் வழக்கம். இயந்திரங்களைக் கழற்றி இடம் மாற்றினால் ஒயரிங், மும்முனை மின் இணைப்பு, விடுபட்ட வேலை நாட்கள் எல்லாம் மறுபடி செலவு. மூன்றாண்டுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு உயர்வு என்று பேசி எழுதிப் பதிவு செய்துகொள்ள உரிமையாளர் இசைந்தால் அந்தப் பதிவுச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கடன்

கடன் இரண்டு வகை என்பதை வங்கிக்குள் நுழைவதற்கு முன்பே மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு வாங்கும் காலக்கடன் வேறு. சனிக்கிழமைகளைக் கடக்க உதவும் நடைமுறை மூலதனக் கடன் வேறு. விண்ணப்பத்தில் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாவதற்கு நகையை அடகு வைக்க ஓடுவதே பொதுவாக நடக்கிறது. சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனமாகத் தருவது வங்கிகள் பின்பற்றும் கணக்கு. நம் கூடத்தின் 40,80,000 விற்றுமுதலுக்கு 8,16,000 வருகிறது. நமக்குத் தேவையான 9 லட்சத்துக்கு அது அருகில் இருந்தாலும் எட்டவில்லை என்பதையும், புதிய வாடிக்கையாளருக்கு வங்கி முழுவதையும் உடனே தராது என்பதையும் பாருங்கள். நாள் தவணையைக் குறைக்கச் சொன்னதன் காரணம் இங்கே மறுபடி தெரியும்.

மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை; தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை. தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், படித்தவர்களுக்கான நீட்ஸ், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றுக்கும், மத்திய அரசின் மானியத் திட்டங்களுக்கும் மாவட்டத் தொழில் மையமே வாசல். வயது, கல்வி, திட்டச் செலவு வரம்புகளை அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மானியம் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை மூன்றாண்டு வங்கியில் வைப்பாக நின்ற பிறகே கடனில் கழிகிறது. அதை முதல் ஆண்டுக் கைப்பணமாக நோட்டில் எழுதிவிடக் கூடாது. இத்திட்டங்களில் புதிய இயந்திரத்துக்கான விலைப்புள்ளியைத்தான் கேட்பார்கள் என்பதால், பழைய இயந்திரம் வாங்குவதா, மானியக் கடனா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

தினத் தவணைக்காரர் வெள்ளிக்கிழமை மாலை தானாகவே வாசலில் வந்து நிற்பார். 10,000 என்று எழுதி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். பத்துச் சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அசல் திரும்பிக்கொண்டே இருப்பதால் சராசரியாக உங்கள் கையில் நிற்பது 4,500 மட்டுமே. ஆண்டுக் கணக்கில் அது 80 சதவீதத்தைத் தொடுகிறது. நம் கூடத்தின் மிச்சம் பில்லில் 12 சதவீதம்கூட இல்லை.

ஆறாம் படி: கெட்ட மாதங்களை முன்பே எழுதி வைத்தல்

இந்த ஊரில் கெட்ட மாதம் வருமா என்று கேட்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, எந்தத் தவறும் செய்யாத தைப்புக்கூடங்களும் துணி வராமல் முடங்கின. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம். வாரச் சம்பளம் ரொக்கமாகவே போய்க்கொண்டிருந்த நாள் அது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2021, 2022 ஆண்டுகளில் நூல் விலை ஏறியபோது கம்பெனிகள் ஆர்டர் எடுக்கத் தயங்கின. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்துக்கு உயர்ந்தது. இவற்றில் எதையும் 12 இயந்திரக்காரர் தடுத்திருக்க முடியாது. ஆனால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட்டு வைத்திருக்க முடியும்.

அந்தக் கணக்கு எளிது. தையல் நின்றாலும் நிற்காத செலவுகளை மட்டும் கூட்டுங்கள். வாடகை 20,000, தவணை 18,000, மின்கட்டணம் குறைந்தபட்சம் 5,000, விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காத இரண்டு பேரின் சம்பளம் 32,000. மாதம் 75,000, மூன்று மாதத்துக்கு 2,25,000. பில்லுக்கு 5 சதவீதம் ஒதுக்கினால் இது சேர ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகும். இந்தப் பணம் நடப்புக் கணக்கில் இருந்தால் கரைந்துவிடும். வேறு வங்கியில், குடும்பத்தில் இன்னொருவரும் கையெழுத்திட வேண்டிய கணக்கில் வையுங்கள். கூச்சமாகத் தோன்றும் ஏற்பாடுதான். ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம்மை நாமே நம்பக் கூடாது.

இருப்பு சேரும் வரை ஆபத்தைக் குறைக்கும் வழி, ஒரே கம்பெனியை நம்பாதிருப்பது. முதல் ஆறு மாதம் ஒருவரிடம் மட்டும் வேலை வாங்குவதைத் தவிர்க்க முடியாது. ஏழாம் மாதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வேலையாவது இன்னொருவரிடமிருந்து வர வேண்டும் என்று நோட்டில் எழுதி, முடிந்தால் ஏற்றுமதிக்குத் தைப்பவர் உள்நாட்டு வேலை ஒன்றையும், உள்நாட்டுக்குத் தைப்பவர் ஏற்றுமதி வேலை ஒன்றையும் தேடிக்கொள்ளுங்கள். இரண்டின் பணம் வரும் காலமும் வேலை நெருக்கும் மாதங்களும் வேறு வேறு என்பதே இதில் உள்ள பயன்.

தீ விபத்து பஞ்சுத் தூசி நிறைந்த கூடத்தில் எப்போதும் நிற்கும் அபாயம். 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறது. அதை எடுக்கும்போது உங்கள் இயந்திரங்களோடு, உங்கள் பொறுப்பில் கிடக்கும் கம்பெனியின் துணியையும் தனியாகக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். எரிந்த துணியின் விலை பன்னிரண்டு இயந்திரங்களின் விலையைவிட அதிகமாக இருந்துவிடலாம்.

ஏழாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திருத்துதல்

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதியது ஒரு மையிலும் நடந்தது வேறு மையிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எல்லா எண்களையும் ஆராய வேண்டியதில்லை. பணம் சராசரியாக எத்தனை நாளில் வந்தது, டேமேஜ் பிடித்தம் எவ்வளவு போனது, ஓர் இயந்திரத்துக்கு ஒரு ஷிப்ட்டில் எவ்வளவு பில் வந்தது என்ற மூன்றைப் பார்த்தால் போதும். 60 நாள் என்றது 75 ஆகியிருந்தால், அடுத்த காலாண்டுத் தேவையில் ஒன்றரை லட்சத்தைக் கூட்டிக்கொண்டு, அந்தக் கம்பெனியிடம் பேசப் போங்கள்.

எட்டாம் படி: நீங்கள் இல்லாத நாளுக்கும், நிறுத்த வேண்டிய நாளுக்கும்

நண்பர்கள் இருவர் சேர்ந்து தொடங்குவது இங்கே அதிகம். கூட்டாண்மைப் பத்திரத்தில் முதலீடும் லாபப் பங்கும் மட்டும் இருப்பதைப் பார்க்கிறேன். 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒருவர் இறந்தாலே கூட்டாண்மை கலைந்துவிடும். இருவர் மட்டும் இருந்த கூட்டாண்மையில் எழுதியிருந்தாலும் மிஞ்சிய ஒருவரோடு கூட்டாண்மை என்று ஒன்று இல்லை. இறந்தவரின் பங்கை எப்படி மதிப்பிட்டு எத்தனை மாதத்தில் அவர் குடும்பத்துக்குக் கொடுப்பது, விலகுகிறவர் அதே கம்பெனியிடம் தனியாக வேலை வாங்கலாமா என்பவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். தனிநபர் தொழிலாக நடத்துவோர் நடப்புக் கணக்குக்கு வாரிசுதாரரை நியமித்து, வர வேண்டிய பில்களின் பட்டியல், துணி வாங்கிய சலான் கோப்பு, தவணைத் தேதிகள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் ஒருவருக்காவது காட்டி வைக்க வேண்டும்.

நிறுத்தும் எல்லையைத் தொடங்கும்போதே எழுதி வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், அபசகுனம் என்கிறார்கள். ஆனால் அந்த எல்லையை நிதானமாக எழுதக்கூடிய நாள் தொடங்குவதற்கு முந்தைய நாள் மட்டுமே. மூன்று மாத இருப்பு தீர்ந்து, தொடர்ந்து இரண்டு மாதம் செலவைவிட வரவு குறைந்தால் புதிய துணிக்கட்டு எடுப்பதில்லை என்பது போல, எண்ணும் நாளும் உள்ள விதியாக அது இருக்க வேண்டும். அந்த நாள் வந்தால், கையில் உள்ள துணியைத் தைத்துக் கணக்கோடு ஒப்படைத்துச் சலானில் கையெழுத்து வாங்குவது முதல் வேலை, ஆட்களின் சம்பளத்தையும் அதுவரை சேர்ந்த போனஸையும் தீர்ப்பது இரண்டாவது, ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து கடைசிப் படிவத்தைத் தாக்கல் செய்வது மூன்றாவது. இயந்திரங்களை விற்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அவை வங்கிக் கடனில் வாங்கியவையாக இருந்தால், விற்பதற்கு முன் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.